மூழ்கடித்த கப்பலிலிருந்து ஊரிகம் வரை

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைத் திருடன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் திருடவில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். அவர் பெயர் அசோகன். ஊர் கோலார் தங்கவயலில் உள்ள ஊரிகம். அவரைப் பார்க்கப் போய்வந்த மூன்று நாள் பயணம் இது. தங்கவயலுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ரயில் நேரமும் ஆட்டோ கட்டணமும் பயன்படலாம். மற்றதெல்லாம் நான் சொல்லியே தீர வேண்டியவை.

வெள்ளிக்கிழமை காலை 7.40. சென்னை சென்ட்ரலில் பெங்களூரு செல்லும் பகல் ரயில் புறப்பட்டது. பங்காருப்பேட்டை வரை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். இருக்கைக்கு நூற்று முப்பத்தைந்து ரூபாய். எனக்கு வயது எழுபத்தைந்து. கையில் ஒரே ஒரு பை. அதில் இரண்டு சட்டைகள், மாத்திரைகள், ஒரு ஃபைல், துணிப் பையில் கட்டிய பதின்மூன்று பித்தளை வில்லைகள். எல்லாவற்றுக்கும் அடியில், சட்டை மடிப்புக்குள், ஒரு பழுப்பு உறை. ஃபைலைக் கொடுப்பதற்காகத்தான் போனேன். உறையைக் கொடுப்பதா வேண்டாமா என்று ரயில் பெரம்பூரைத் தாண்டும்போதும் நான் முடிவு செய்திருக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் காட்பாடியில் இறங்க வேண்டிய ஒரு துணி வியாபாரி. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். கப்பல்களைப் பரிசோதித்துச் சான்று தரும் வேலை என்றேன். கப்பல் நன்றாக மிதக்கிறது என்று சான்று கொடுப்பீர்களா என்றார். நான் கடைசியாகக் கொடுத்த சான்று ஒரு கப்பலை மூழ்கடிக்கலாம் என்பதற்கு. அதைச் சொன்னதும் அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை நம்பவில்லை. அந்த மூன்று நாளும் அப்படித்தான் இருக்கப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அது ஒரு வெளிநாட்டுக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். இருநூற்று ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். வயதாகி ஓய்வு பெற்றது. உடைத்து இரும்பாக விற்கலாம் என்று வாங்கிய நிறுவனம், அதில் செலவு அதிகம் என்று கண்டதும், கடலடியில் மீன்களும் முக்குளிப்பவர்களும் வந்து போகும் இடமாக அதை மூழ்கடிக்க அந்த நாட்டு அனுமதி அலுவலகத்தைக் கேட்டது. மூழ்கடிக்கும் முன் கப்பலில் நஞ்சு எதுவும் இருக்கக் கூடாது. முக்கியமாகக் கொதிகலன் குழாய்களைச் சுற்றிப் பொதிந்திருந்த கல்நார். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதன் தூள் மூச்சில் போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலைத் தின்னும். அதை உரித்து எடுக்கப் பன்னிரண்டு பேரை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்தார். எல்லோரும் தங்கவயல்காரர்கள். சுரங்கம் மூடி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன, வேலையில்லை. அசோகன் அவர்களுக்கு மேஸ்திரி.

கடலையே அதற்கு முன் பார்க்காதவர்கள் அவர்களில் பாதிப் பேர். ஆனால் கப்பலுக்குள் இறங்கியதும் சொந்த ஊருக்கு வந்தவர்களைப் போல நடந்தார்கள். எல்லாவற்றுக்கும் சுரங்கப் பெயர்தான். அடுக்குகளை லெவல் என்றார்கள். ஏணிப் பொந்து ஷாஃப்ட். விமானங்களை மேலே ஏற்றும் பெரிய லிஃப்ட் அவர்களுக்குக் கேஜ், சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் கூண்டு. முதல் நாளே அசோகன் வால்வுகளில் அடையாளத்துக்கு மாட்டியிருந்த பழைய பித்தளை வில்லைகள் பதின்மூன்றைக் கேட்டு வாங்கி, ஆணியால் எண் கீறினார். சுரங்கத்தில் கீழே இறங்குகிறவன் தன் டோக்கனை மேலே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்; ஏறி வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். ஆணியில் ஒரு டோக்கன் மீதமிருந்தாலும் ஆள் கீழே இருக்கிறான் என்று பொருள். அதைத்தான் கப்பலிலும் செய்தார்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை அவர்களுக்கு. பதின்மூன்று, பரிசோதகனான எனக்கு. எத்தனை மணிக்கு எந்த எண் இறங்கியது, ஏறியது என்று அசோகன் ஒரு நோட்டிலும் எழுதிவந்தார்.

நான்கு மாதத்தில் பதின்மூன்றாம் எண் ஒருமுறைகூட ஆணியில் ஏறவில்லை. நான் கீழ் அடுக்குகளுக்கு இறங்கவே இல்லை. எல்லா அறைகளையும் நேரில் பார்த்தேன் என்று மட்டும் எழுதினேன்.

கடைசி வாரத்தில் அசோகன் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தார். நான்காம் கொதிகலன் அறைக்குக் கீழே மூன்று அறைகளில் கல்நார் அப்படியே இருக்கிறது, எங்களுக்கு முகமூடி தரப்படவில்லை, பரிசோதகர் இறங்கிப் பார்க்கவில்லை என்பதற்கு டோக்கனும் நோட்டும் சாட்சி என்று எழுதியிருந்தார். நல்ல தமிழ், திருத்தமான கையெழுத்து. இழுவைக் கப்பல்கள் வந்து நின்றுவிட்டன, நாள் குறித்தாகிவிட்டது. மறுநாள் மாலை இறங்குபாலத்தில் எல்லாப் பைகளையும் சோதிக்கச் சொன்னேன். தினமும் வேலை முடிந்ததும் டோக்கன்களை அசோகன் தன் பையில் எடுத்துவைப்பார் என்று எனக்குத் தெரியும். வில்லைகள் கொட்டின. கப்பலின் பித்தளையைத் திருடியவன் என்று அவருடைய பதினொரு ஆட்களுக்கும் முன்னால் உரக்கச் சொன்னேன். திருடனின் புகாருக்கு மதிப்பில்லை என்று குறிப்பெழுதிக் கடிதத்தை மூடினேன். நோட்டைக் கடலில் எறிந்தேன்.

காட்பாடியில் துணி வியாபாரி இறங்கினார். போகும்போது பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், தன் பையைத்தான்.

பகல் 12.15. பங்காருப்பேட்டை. மாரிகுப்பம் செல்லும் கிளைப் பாதையின் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மொத்தம் பதினாறு கிலோமீட்டர். கட்டணம் பத்து ரூபாய். பெட்டியில் பெங்களூருவில் இரவுப் பணி முடித்துத் திரும்பும் இளைஞர்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஊரிகம் வரும் முன்பே ஜன்னலில், ஊரார் டம்ப் என்று சொல்லும் சாம்பல் மேடுகள் தெரிந்தன. நூறு ஆண்டுத் தங்கத்தின் சக்கை. மாணவனாக இருந்தபோது ஒரு மாதப் பயிற்சிக்கு இங்கே வந்திருக்கிறேன். அன்று ஷாஃப்டுகளின் மேல் சக்கரங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். இப்போது சக்கரங்கள் நிற்கின்றன. காற்றில் மேட்டுத் தூசி மட்டும் நகர்கிறது.

நிலையத்தை விட்டு இறங்கியதும் ஸ்கூட்டரில் சாய்ந்திருந்த ஒருவர் என்னை உற்றுப் பார்ப்பதைக் கவனித்தேன். அறுபது வயதிருக்கும். நான் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு விடுதிக்கு ஆட்டோ பிடித்தேன். மூன்று கிலோமீட்டர், எண்பது ரூபாய். ஸ்கூட்டர் பின்னால் வந்தது.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் பையைப் பார்த்தபடியே வந்தார்.

“இன்னா சார், சர்வேயா? டம்ப் டெண்டரா?”

இல்லை, ஒருவரைப் பார்க்க வந்தேன் என்றேன். யாரை என்றார். அசோகன் என்றேன்.

“எந்த அசோகன்? லைனுக்கு நாலு பேர் கீறாங்க. ரயில்வே அசோகனா, சவுண்ட் சர்வீஸ் அசோகனா, பித்தளை அசோகனா?”

கப்பலில் வேலை பார்த்தவர் என்றேன்.

“அப்ப பித்தளை அசோகன் தான். எதோ கப்பல்ல பித்தளை அடிச்சிட்டாராம். நல்ல மனுஷன் சார். பேரு ஒட்டிக்கிச்சு, இன்னா பண்றது.”

தங்கவயலில் திருடன் என்ற சொல்லுக்கு வேறு ஊர்களில் இல்லாத கனம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஷிஃப்ட் முடிந்து ஏறி வரும் ஒவ்வொருவரையும் வாசலில் சோதித்த ஊர் இது. தலைமயிரைக் கோதிப் பார்ப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள். என் சர்வீஸில் ஒரு கறுப்பு மார்க் இல்லை என்று சொல்வதுதான் இங்கே ஒரு மனிதன் தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போகும் பெருமை. பயிற்சி மாதத்திலேயே இதை நான் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். இறங்குபாலத்தில் நான் சோதனை என்று சொன்னதும், யாரும் கேட்காமலே அசோகன் இரு கைகளையும் உயர்த்தி வாயைத் திறந்து நின்றார். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். “பாருங்கள், குற்றவாளி தானாகக் கையைத் தூக்குகிறான்” என்று அங்கிருந்த வெளிநாட்டு அதிகாரிகளிடம் சொன்னேன். அவர்களுக்கு அந்தக் கைகளின் பொருள் தெரியாது. எனக்குத் தெரியும்.

விடுதியில் அறைக்கு நாளொன்றுக்கு எழுநூறு ரூபாய். ஆதார் அட்டையின் நகலுக்காகப் பையைத் திறந்தபோது ஃபைலைக் கண்ட மேலாளர், என் முகத்தையும் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். ஏன் என்றேன். ஃபைலோடு வருகிறவர்களை எல்லாம் எடுத்து வைக்கிறோம் என்றார். ஐந்து மணிக்குத் தேநீர்க் கடையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு கன்னடத்துக்கு மாறியது. அதிலும் என் பக்கம் கண்ணைக் காட்டித்தான் பேசினார்கள். நானும் அவர்களைச் சந்தேகித்தேன். பழைய ஒப்பந்தக்காரரின் ஆள் யாராவது என்னைத் தொடர்கிறாரோ என்று தோன்றியது. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சனிக்கிழமை காலை 9.30. அசோகனின் பழைய புகார்க் கடிதத்தில் இருந்த முகவரியை வைத்து ஊரிகத்தின் லைன் வீடுகளைத் தேடினேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய சிறு வீடுகள். நீல வண்ணம் பூசிய கதவு. உள்ளே அம்பேத்கர் படம், புத்தர் படம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய சுரங்கத் தொப்பி. நாற்காலியில் அசோகன். கனத்த தோள்களோடு நான் பார்த்த மனிதர் இப்போது சட்டைக்குள் பாதிதான் இருந்தார். பேசும் முன் ஒருமுறை மூச்சைச் சேர்த்துக்கொள்கிறார். அவர் அருகில் சுவரில் சாய்ந்து நின்றவர், நேற்றைய ஸ்கூட்டர்க்காரர். அப்போதுதான் அடையாளம் தெரிந்தது: நான்காம் எண், திருமலை.

“நான் சொல்லல? ஸ்டேஷன்லயே கண்டுபுடிச்சிட்டேன். அதே நடை,” என்றார் திருமலை, அசோகனிடம்.

அசோகனின் மகள் சங்கமித்ரா சமையலறையிலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். பெங்களூருவில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை ரயிலில் போய்வருகிறவள். நான் யார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை.

“எதனா வியாதியா உங்களுக்கு?” என்று கேட்டாள். “சாவறதுக்கு முன்னாடி இங்க எறக்கி வெச்சிட்டுப் போலாம்னு வந்தீங்களா?”

ஓரளவு அதுவும் உண்மைதான் என்றேன். சில ஆண்டுகளுக்கு முன், கல்நார் நிறைந்த வேறொரு பழைய விமானந்தாங்கியை எந்தத் துறைமுகமும் ஏற்காததால், அதன் நாடே நடுக்கடலில் மூழ்கடித்த செய்தியைப் படித்தேன். அன்று முதல் தூக்கம் சரியில்லை. கிளம்பத் தைரியம் வர இத்தனை நாள் ஆயிற்று. ஃபைலை எடுக்கக் குனிந்தேன். திருமலை குறுக்கே கை நீட்டினார்.

“இருங்க சார். பையெ நாங்க பாக்கறோம். தப்பா நெனச்சிக்காதீங்க. போன மாசம் ஒருத்தரு ஃபைலோட வந்து வயசானவங்க கிட்ட கையெழுத்து வாங்கினு போனாரு. அப்பால பாத்தா, வூட்டக் காலி பண்றோம்னு எழுதிக் கீது.”

சரி என்றேன். மித்ரா என் கைபேசியை வாங்கி அணைத்து மேசைமேல் வைத்தாள். பையைத் தரையில் கவிழ்த்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, யாரும் கேட்கவில்லை, என் இரண்டு கைகளும் மேலே போயின.

அசோகன் முதல்முறையாகப் பேசினார்.

“கையெ எறக்குங்க சார். அது நாங்க பண்றது.”

துணிப் பையின் முடிச்சு அவிழ்ந்து வில்லைகள் சிமெண்ட் தரையில் உருண்டன. அசோகன் குனிந்து ஒன்றை எடுத்து எண்ணைப் பார்த்தார். ஃபைலில் இருந்தது என் வாக்குமூலம்: திருட்டுக் குற்றச்சாட்டு பொய், வில்லைகள் எதற்கு என்று எனக்குத் தெரியும், மூன்று அறைகளில் கல்நார் இருந்தது, நான் இறங்கவில்லை. நான்கு நகல்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. மித்ரா அதைப் படித்து முடித்துத் தந்தையிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை; தன் மடியில் வைக்கச் சொன்னார். அவள் சட்டைகளை உதறினாள். பழுப்பு உறை விழுந்தது.

“இது இன்னா?”

அப்போதுகூட என்னால் பொய் சொல்லியிருக்க முடியும். எனக்குப் பழக்கம் உண்டு. சொல்லவில்லை, படித்துப் பாருங்கள் என்றேன்.

உள்ளே ஒரே தாள். இருபத்தாறு பெயர்கள். வேலைக்கு எடுக்கும் முன் ராபர்ட்சன்பேட்டையில் எல்லோருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுத்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே படத்தில் கண்டது என்ன என்ற குறிப்பு. சில பெயர்களுக்குப் பச்சை மையில் டிக், மற்றவை அடிக்கப்பட்டிருந்தன. ஆவணங்களோடு நாள் முழுவதும் இருப்பவளுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. விரலை வைத்து மறுபடி மேலிருந்து படித்தாள்.

“நைனா, கிளியர்னு இருக்கறவங்கள எல்லாம் அடிச்சிருக்காங்க. மார்ல புள்ளி இருக்கறவங்களுக்குத் தான் டிக் போட்டிருக்குது.”

திருமலை தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. தம்பியின் பெயரை மட்டும் தேடிக் கண்டுபிடித்தார். முனிசாமி. அடிக்கப்பட்டிருந்தது.

அசோகன் என்னைப் பார்த்தார். “இத்தினி வருசமா ஒண்ணே ஒண்ணு தான் சார் எனக்குப் புரியல. கடக்கரையில ஆளு இல்லயா? கப்பல் வேல தெரிஞ்சவன் இல்லயா? எங்கள எதுக்குத் தேடினு வந்தீங்க?”

நான் நின்றுகொண்டே சொன்னேன். கல்நார் வேலை பார்த்தவர்களுக்குப் பின்னாளில் மூச்சு போனால் நிறுவனத்தைக் கேட்பார்களே, என்ன செய்யலாம் என்று ஒப்பந்தக்காரர் ஒரு கூட்டத்தில் கேட்டார். தங்கவயலில் எடுங்கள் என்றேன். அங்கே கற்தூசியில் ஏற்கெனவே மார்பு கெட்டவர்கள் இருக்கிறார்கள். பின்னால் எது வந்தாலும் சுரங்கம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதுவார். முதலிலேயே எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொண்டால் அதுவே நமக்குச் சாட்சி என்றேன்.

“யாரு யோசன?”

“என்னுடையது.”

அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அசோகன் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

“எக்ஸ்ரே எடுத்தப்ப, இன்னா நல்ல கம்பெனின்னு பேசிக்கினோம் சார். பாஸ் ஆயிட்டேன்னு நான் மைசூர்பாகு வாங்கியாந்து லைன் பூராக் குடுத்தேன். இவன் தம்பி ஃபெயிலுன்னு ரெண்டு நாளு சாப்புடல.”

திருமலை வெளியே போனார். ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது. அது கிளம்பவில்லை. உதைத்துக்கொண்டே இருந்தார்.

பன்னிரண்டு பேரில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் ஏழு பேர் என்று மித்ரா சொன்னாள். இறந்த ஐவருக்கும் சுரங்கத் தூசி என்றே எழுதியிருக்கிறார்கள். அப்பாவின் மருத்துவ ஃபைலிலும் அதுதான். கப்பலில் கல்நார் உரித்தேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் சொல்கிறார். கப்பலின் சான்றிதழில் அப்படி இல்லையே என்கிறார்கள். அந்தச் சான்றிதழ் என்னுடையது. பிறகு இன்னொன்றும் சொன்னாள், தந்தையைப் பார்க்காமல். அவர்கள் மூன்று தலைமுறையாகப் பௌத்தர்கள். விகாரையில் பௌர்ணமிதோறும் சீலங்கள் என்ற ஐந்து உறுதிமொழிகளையும் சேர்ந்து சொல்வார்கள். இரண்டாவது, பிறர் கொடாததை எடுக்கமாட்டேன் என்பது. “அது வரும்போது நாலு பேர் திரும்பி நைனாவப் பாப்பாங்க. அதனால அத மட்டும் வாய மூடிக்குவாரு. விகாரை சாவி எங்க வூட்ல தான் இருந்துச்சு. அவரே கொண்டுபோய்க் குடுத்திட்டாரு.”

அசோகன் எழுந்தார். “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விகாரைக்கு வாங்க. ஆளுங்கள வரச் சொல்றேன். எல்லார் முன்னாடியும் தான் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் அந்தப் பேர எடுங்க.”

இந்தத் தாளையும் சேர்த்தா என்று கேட்டேன்.

“இதத் தான் மொதல்ல.”

அன்று பிற்பகல் எனக்குப் போக இடமில்லை. ஆட்டோவில் மாரிகுப்பம் வரை போய்வந்தேன். போகவர இருநூற்று ஐம்பது ரூபாய். பூட்டிய ஒரு ஷாஃப்டின் வேலிக்கு வெளியே நின்றேன். பம்புகளை நிறுத்தியதும் அடியிலிருந்து தண்ணீர் ஏறி, இயந்திரங்களோடு எல்லா லெவல்களும் மூழ்கிவிட்டன என்று ஆட்டோக்காரர் சொன்னார். கப்பல் மூழ்கியதை நான் ஓர் இழுவைக் கப்பலின் தளத்தில் நின்று பார்த்தேன். வரிசையாக வெடிகள், பெரிய சத்தம் இல்லை. முதலில் பின்பக்கம் தாழ்ந்தது. அந்தப் பெரிய தளம் சுவர்போல நிமிர்ந்து நின்று, பிறகு உள்ளே போனது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம்கூட இல்லை. மேலே வந்த நுரையில் வெண்மையாக ஏதோ வெகுநேரம் மிதந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பதின்மூன்று வில்லைகளும் அப்போது என் அறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை 10.00. விகாரை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கூடம். பாயில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திருமலை வரவில்லை. லைன்காரர்கள் இருபது பேர் போலச் சுவரோரம் நின்றார்கள். என்னை நம்பிய முகம் ஒன்றுகூட இல்லை. மித்ரா தன் கைபேசியில் பதிவு செய்தாள். எக்ஸ்ரே தாளை முதலில் படித்தேன், பெயர் பெயராக. பிறகு திருட்டு விஷயம். அசோகன் திருடவில்லை, பொய் சொன்னவன் நான் என்று மூன்று முறை சொன்னேன். கோவிந்தன் என்ற ஏழாம் எண், இருமலுக்கு நடுவே சிரித்தார்.

“அப்ப ஃபெயில் ஆனவன்லாம் தப்பிச்சான். நாம தான்யா பாஸு.”

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. சுவரோரம் நின்ற ஒரு பெண், இதற்கு இவருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாள். இன்னொருவர், நாளைக்கு இதே மனிதர் மாற்றிச் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம் என்றார். நியாயமான கேள்விகள். என்னிடம் இருந்தது என் சொல் மட்டும்தான். என் சொல்லின் தரம் அவர்களுக்குத் தெரியும்.

அசோகன் வில்லைகளை மடியில் வைத்துக்கொண்டார். “டோக்கன் கைக்கு வராத வரைக்கும் ஆளு கீழ தான்,” என்றார். “நம்ம கணக்குல கப்பலு நம்மளோட தான் முழுகிக் கீது. ஒண்ணு, நான். வாங்கிக்கினேன்.” பிறகு எண்களைக் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்கள். பதில் வராத ஐந்தைத் தனியே வைத்தார். அந்த வீடுகளுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். நான்கு என்று இரண்டு முறை கூப்பிட்டார். வாசலில் திருமலை. உள்ளே வரவில்லை. அங்கிருந்தே கையை நீட்டினார். யாரோ வாங்கிக் கொடுத்தார்கள். என் பக்கம் பார்க்காமல் போனார்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. அசோகன் அதை என்னிடம் நீட்டினார். என்னுடைய எண். மற்றவற்றைப் போல ஓரம் தேயாமல், கீறிய நாளில் இருந்தபடியே இருந்தது.

“இது வரைக்கும் நீங்க எறங்கவே இல்ல. இப்பத் தான் எறங்கிக்கீறீங்க. மேல வந்தப்பறம் குடுங்க.”

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தேன். பிற்பகல் ரயிலுக்கு என்னை ஊரிகம் நிலையத்தில் விட்டவர் அதே ஆட்டோக்காரர். எண்பது ரூபாய் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். விகாரையில் நடந்தது அவருக்கு முழுதாகத் தெரிந்திருந்தது.

“சார், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அந்தக் கையெழுத்தப் போடும்போது பேனா நல்லா ஓடிச்சா?”

ஓடியது என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாக்குமூலத்தையும் எக்ஸ்ரே தாளையும் கப்பல் துறை அலுவலகத்துக்கும், அந்த வெளிநாட்டு அனுமதி அலுவலகத்துக்கும் அனுப்பினேன். ஒப்பந்தக்காரரின் நண்பர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கைபேசியில் அழைத்து, இந்த வயதில் எதற்கு வீண் அலைச்சல் என்று மிகவும் அன்பாக விசாரித்தார். அவருக்கு என் முகவரி தெரிந்திருந்தது. அடுத்த மாதம் ஓர் அதிகாரி முன் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சாட்சியாகவா, குற்றவாளியாகவா என்பது அதில் தெளிவாக இல்லை. எதுவானாலும் போவேன்.

ஏழு பேருக்கும் புதிதாக எக்ஸ்ரே எடுத்திருப்பதாக மித்ரா செய்தி அனுப்பினாள். டாக்டர் முதல்முறையாகக் கல்நார் என்ற சொல்லை எழுதியிருக்கிறார். ஆட்டோக்காரர்கள் இன்னும் பித்தளை அசோகன் என்றுதான் சொல்கிறார்கள். சென்ற பௌர்ணமிக்கு மறுநாள் இன்னொரு வரி வந்தது: “நைனா ரெண்டாவதையும் சொன்னாரு. சத்தமா.” நான் பதில் எழுதினேன். அவள் அதைப் படித்ததற்கான அடையாளம் தெரிந்தது, மறுமொழி வரவில்லை.

திருவொற்றியூரில் என் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரியும். கதவுக்குப் பக்கத்தில் சாவி மாட்டும் ஆணியில் பதின்மூன்றாம் எண் வில்லையை மாட்டியிருக்கிறேன். காலையில் சாவியை எடுக்கும்போது கை அதில் படும். இன்னும் கழற்றவில்லை.